மஃரிப் லைன்

பஸ்ஸில் ஏறினால் மற்றவர்கள் இடம் தேடுவார்கள். றஊப் பாஸ் முதலில் கூரையைப் பார்ப்பார். எந்த லைட் எரிகிறது, எது துடிக்கிறது, எது செத்துவிட்டது என்று ஒரு பார்வை. பிறகு டிரைவருக்குப் பின்னால் மாட்டியிருக்கும் தீயணைப்புச் சிலிண்டரின் முள் பச்சையில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். அதன் பிறகு கடைசி வரிசைக்குப் போய் அவசரக் கதவின் பிடியை ஒரு தரம் அசைப்பார். அங்கே அரிசி மூட்டை சாத்தியிருந்தால் கொண்டக்டருக்கு அன்றைக்கு நல்ல நேரமில்லை.

"இது கதவு தம்பி, களஞ்சியமில்ல."

"இறங்கிற நேரம் எடுப்பம் காக்கா."

"நெருப்புப் புடிச்சா மூட்டைக்காரனத் தேடிக் கூட்டிட்டு வந்தா எடுக்கப் போற?"

இவ்வளவும் முடிந்த பிறகுதான் உட்கார நினைப்பார். அதற்குள் பஸ் நிறைந்திருக்கும். பெரும்பாலும் நின்றுகொண்டேதான் போவார்.

கல்முனையில் பஸ்களுக்கு வயரிங் செய்வது அவருடைய தொழில்; கைத்தொழில்காரரை அங்கே 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், றெனோல்டின் டிங்கர் கராஜோடு ஒட்டினாற்போல அவருடைய தகரக் கொட்டில். றெனோல்ட் தகடு தட்டி நெளிவெடுப்பார்; றஊப் பாஸ் வயர் இழுப்பார். அந்தத் தட்டலுக்கு மேலால் கத்திக் கதைத்துப் பழகியதால் வீட்டிலும் கத்தித்தான் கதைப்பார். மனைவி ஹப்ஸா, "நான் பக்கத்துலதான் இரிக்கன், பாண்டிருப்புல இல்ல" என்பாள்.

அவர் கண்டுபிடித்தது என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை. டிரைவர்மார் வைத்தார்கள்: மஃரிப் லைன்.

அம்பாறையில் வேலை முடிந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு பின்னேரம் கல்முனைக்குத் திரும்பும் பஸ், சம்மாந்துறை தாண்டி மாவடிப்பள்ளிக்கு வரும்போது அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு சொல்லும். வீதியோரப் பள்ளிவாசலுக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்துவார்கள். டிரைவர், கொண்டக்டர், மற்ற ஆண்களில் பெரும்பாலோர் தொழ இறங்கிப் போவார்கள். டிரைவர் பஸ்ஸின் சாவியை, அவர்கள் பேச்சில் திறப்பை, கழற்றிக்கொண்டு போவான். திறப்பை அதிலேயே விட்டுவிட்டுப் போக எந்த டிரைவருக்கும் மனம் வராது. திறப்பு கழன்றால் உள்ளே இருக்கும் லைட் எல்லாம் அணைந்துவிடும். இரண்டு பக்கமும் வயல். வீதி லைட் சில நாள் எரியும், சில நாள் எரியாது. ஆண்கள் தொழுது வரும்வரை பெண்கள் அந்த இருட்டுக்குள் இருப்பார்கள்.

பல வருடங்களுக்கு முன் ஒருநாள் றஊப் பாஸ் மற்றவர்களுக்கு முந்தித் தொழுது முடித்து பஸ்ஸுக்குத் திரும்பினார். பெண்கள் யாரும் தங்கள் இருக்கைகளில் இல்லை. முன் கதவடியில், படியில், ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பின்பக்கத்தில் சில ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அடுத்த கிழமை அந்த பஸ்ஸுக்குப் புதிதாக ஒரு வயர் இழுத்தார்.

வேலை பெரிதல்ல. பட்டரியிலிருந்து நேராக ஒரு லைன். திறப்போடு அதற்குச் சம்பந்தமில்லை. பட்டரிக்குப் பக்கத்திலேயே அதற்கென்று ஒரு பியூஸ். பெண்கள் இருக்கும் வரிசைகளுக்கு மேலே வெள்ளை லைட். படிக்கு மேலே ஒன்று. டிரைவரின் தலைக்கு மேலே தனிச் சுவிட்ச். தொழ இறங்கும்போது போடவேண்டும், திரும்பி ஏறும்போது அணைக்கவேண்டும்.

அதன் குறையும் அங்கேதான் இருந்தது. அணைக்க மறந்தால் இரவெல்லாம் எரியும். விடிந்தால் பட்டரி செத்திருக்கும்.

ஸலாஹுதீன் ஹாஜியாருக்கு ஐந்து பஸ். றஊப் பாஸின் கொட்டிலுக்கு வரும் வேலையில் பாதி அவருடையது. அம்பாறைக்கு ஓடும் பஸ்ஸின் டிரைவர் அஸ்கி, ஒரே மாதத்தில் இரண்டு தரம் லைட்டை அணைக்க மறந்தான். இரண்டாம் தரம் ஹாஜியாரே பஸ்ஸில் ஏறிக் கொட்டிலுக்கு வந்தார்.

"றஊப், அந்த லைன வெட்டு."

"அஸ்கிய வெட்டுங்க ஹாஜியார். மறந்தது அவன்."

"நான் என்ன வேணுமெண்டா மறந்த?" என்றான் அஸ்கி, ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி.

"நீ வாயப் பொத்து" என்றார் ஹாஜியார். "இந்த வயசுல சாரனத் தூக்கிக் கட்டிட்டு நடு ரோட்டுல பஸ்ஸத் தள்ளிரிக்கன். பஸ் ஓடுற என்ட முறை போய்ட்டு. டைம் கீப்பர் என்னப் பாத்துச் சிரிக்கான். வெட்டு எண்டா வெட்டு. அந்த இடத்துக்கு நீல லைட் போடு. பெரிய பாட்டு செட் ஒண்டு பூட்டு. சனம் அதத்தான் கேக்குது."

"எந்தச் சனம்?"

"பஸ் என்ட பஸ். நீ வெட்டுறயா, நான் வேற ஆளப் பாக்கவா?"

றஊப் பாஸ் வெட்டினார். பியூஸை எடுத்தார், சுவிட்சைக் கழற்றினார். ஆனால் கூரைக்குள் ஓடிய வயரை உருவவில்லை. முனைகளுக்கு டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டார். றெனோல்ட் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெட்டினா உருவி எறியணும் மச்சான். என்னத்துக்கு உள்ளுக்குள்ள ஒளிச்சு வைக்கிற?"

"கூரத் தகடு கழட்ட நேரமில்ல."

"நல்ல காலம் இது நோன்பு மாசமில்ல. இந்தப் பொய்க்கே உன்ட நோன்பு முறிஞ்சிரிக்கும்."

அது அவருடைய கடைசி வருடம். அவருக்கு அது தெரியாது. பஸ் படியில் ஏறினால் மூச்சு வாங்கியது. பழியை றெனோல்டின் வெல்டிங் புகையின் மேல் போட்டார்.

மகள் ஹிமாயா ஒலுவில் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தவள். கொழும்பில் வேலை. ஒவ்வொரு நாளும் இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு போன் எடுப்பாள். அன்றைக்கு லைன் கதையைச் சொன்னார்.

"டைமர் ஒண்டு போடுங்க வாப்பா. கொஞ்ச நேரத்தால தானா அணையும்."

"எவ்வளவு நேரத்தால?"

"தொழுது முடியிற நேரம்." சற்று யோசித்தாள். "இமாம் நீட்டி ஓதினா?"

"அதத்தான் நானும் நெனச்சன்."

"நோன்பு மாசம் கஞ்சியும் குடிச்சிட்டுத்தான் வருவாங்க. ஆரும் மௌத்தாகி ஜனாஸாத் தொழுக வந்தா இன்னும் சுணங்கும்."

"ஓம்."

"அப்ப டைமர் சரிவராது."

"சரிவராது மகள்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவருக்கு மூச்சு வாங்குவதைப் பற்றி அவள் கேட்டாள். அவர் மழையைப் பற்றிச் சொன்னார்.

அந்தக் கிழமை முடிவதற்குள் கொட்டிலுக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். கராஜ் பக்கம் பெண்கள் வருவதில்லை. றெனோல்ட் சுத்தியலைப் போட்டுவிட்டுத் தன் சட்டையைத் தேடினார். முன்னால் வந்தவள் மைமூனா. அம்பாறையில் ஆஸ்பத்திரியில் சிற்றூழியர். பின்னால் வந்தவள் சுஜித்தா. அங்கேயே மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞர். இரண்டு பேரும் ஒவ்வொரு நாளும் அஸ்கியின் பஸ்ஸில் போய் வருகிறவர்கள்.

"றஊப் பாஸ் ஆரு?"

"நான்தான்."

"எங்கட லைட்ட வெட்டின நீங்கதானாமே?"

"ஆரு சென்ன?"

"அஸ்கி. 'எனக்குத் தெரியா ராத்தா, றஊப் பாஸ்தான் வெட்டின' எண்டு செல்லிட்டுப் பள்ளிக்குள்ள ஓடிட்டான்."

"முதலாளி வெட்டச் சென்னாரு."

"முதலாளி தலைய வெட்டச் சென்னா அதையும் வெட்டுவிங்களா?"

றெனோல்ட் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

சுஜித்தா மெதுவாகக் கதைத்தாள். "நாங்க சண்டைக்கு வரல்ல பாஸ். தொழுறத்துக்கு நிப்பாட்டுறதையும் ஒண்டும் சொல்லல்ல. ஆனா தொழப் போறவன் இறங்கிப் போறான். போகாதவன் பஸ்ஸுக்குள்ளதானே இரிக்கான். லைட் எரிஞ்சா அவன் போனப் பாத்துக்கிட்டிருப்பான். லைட் இல்லாட்டி..."

மைமூனா தன் முந்தானையில் குத்தியிருந்த ஊசியைத் தொட்டுக் காட்டினாள்.

"முந்தநாள் இதுக்கு வேல வந்திச்சு" என்றாள்.

றஊப் பாஸ் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தார். றெனோல்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு முன் கதவடியில் ஒட்டிக்கொண்டு நின்றவர்களிடம் அவர் கேட்காமல் விட்ட கேள்விக்கு இவ்வளவு காலம் கழித்து ஒருத்தி வந்து பதில் சொல்லியிருந்தாள். அவர் வெட்டிய பிறகு.

"லைட் போட எனக்கு ஏலும்" என்றார் கடைசியில். "அணைக்கத்தான் ஆள் இல்ல. மறந்தா பட்டரி சாகும். பட்டரி செத்தா ஹாஜியார் தள்ளணும்."

"சுவிட்ச் எங்க இரிந்த?"

"டிரைவர்ட தலைக்கு மேல."

"அவனுக்கு என்னத்துக்குச் சுவிட்ச்? அவனா இருட்டுக்குள்ள இரிக்கான்? எங்கட கைக்குத் தாங்க."

"நீங்க மறக்கமாட்டிங்களா?"

"பாஸ், உங்கட ஊட்டுல படுக்கப் போகக்குள்ள லைட்டெல்லாம் ஆரு அணைக்கிற?"

அவர் யோசித்தார். "ஹிமாயாட உம்மா."

"கரண்ட் பில் ஏறின நாளையிலரிந்து எங்கட ஊட்டு மனிசன் கக்கூஸ் லைட்ட அணைச்சதா ஒரு சரித்திரமில்ல. நான்தான் பின்னால போய்ப் போய் அணைக்கன்."

அன்று பின்னேரமே அவர் ஹாஜியாரைப் பார்க்கப் போனார். ஊசியின் கதையை அவர் முழுதாகச் சொல்லவில்லை. சொன்ன அளவுக்கே ஹாஜியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் மூன்று மகள்மார். இருந்தாலும் பட்டரி பட்டரிதான்.

"பொம்புளையள்ட கையில என்ட பட்டரியக் குடுக்கச் செல்றயா?"

"உங்கட ஊட்டுப் பிரிட்ஜும் மோட்டரும் இப்ப ஆருட கையில ஹாஜியார்?"

ஹாஜியார் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "போடு. ஆனா ஒரு தரம், ஒரே ஒரு தரம் பட்டரி செத்தா அந்த லைனும் இல்ல, என்ட ஒரு பஸ்ஸும் உன்ட கொட்டிலுக்கு வராது. செல்லிட்டன்."

பாதி வேலை போனால் கொட்டிலை மூடவேண்டியதுதான். றெனோல்ட் அதைச் சத்தமாகவே சொன்னார். றஊப் பாஸ் காது கேளாதவர் போலப் பியூஸ் தேடினார்.

சுவிட்சை எங்கே வைப்பது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. இருந்த இடத்திலிருந்து ஒரு பெண்ணுக்கு எட்டவேண்டும். மடியில் இருக்கும் பிள்ளைக்கு எட்டக்கூடாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஹப்ஸாவைக் கூட்டிக்கொண்டு கொட்டிலுக்கு வந்தார். பஸ்ஸில் ஏற்றி, பெண்கள் வரிசையில் உட்கார வைத்தார்.

"மடியில ஒரு புள்ள இரிக்கிண்டு நெனச்சுக்க."

"என்ட புள்ள கொழும்புல இரிக்கா."

அவர் ஒரு வயர்ச் சுருளை எடுத்து அவள் மடியில் வைத்தார். ஹப்ஸா அதை அணைத்துக்கொண்டு கையை உயர்த்தினாள். "இது எட்டாது. அபாயாக் கை இழுக்குது. இன்னும் முன்னுக்குக் கொண்டாங்க."

"இப்ப?"

"இப்ப எட்டுது. ஆனா புள்ளைக்கும் எட்டும்."

ஜன்னல் கம்பிக்குப் பின்னால், உள்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக் காட்டினார். விரலை வளைத்துப் போட்டால்தான் தட்டுப்படும். ஹப்ஸா போட்டாள், அணைத்தாள், திரும்பவும் போட்டாள்.

"கலியாணம் முடிச்சு இவ்வளவு காலத்துக்கு என்ன ஒரு இடத்துக்குக் கூட்டிட்டு வந்த எண்டா, அது இந்த ஓடாத பஸ்ஸுக்குத்தான்" என்றாள். இருந்தாலும் உடனே இறங்கவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பென்சிலால் துளை போடும் இடத்தைக் குறித்தார். மூச்சு வாங்கியது. அவள் பார்த்தாள். அவர் பென்சிலைப் பார்த்தார்.

லைன் திரும்பவும் எரிந்தது. பெண்கள் அதற்குத் தாங்களாகவே ஒரு வழக்கம் உண்டாக்கிக்கொண்டார்கள். மாவடிப்பள்ளியில் போட்டால் பஸ் புறப்பட்ட பிறகும் அணைப்பதில்லை. காரைதீவு, சாய்ந்தமருது என்று ஒவ்வொருத்தியாக இறங்க, கல்முனையில் கடைசியாக இறங்குகிறவள் அணைப்பாள். பெரும்பாலும் அது மைமூனாதான். அஸ்கி அந்தப் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை. பட்டரி ஒவ்வொரு விடியலிலும் உயிரோடிருந்தது. ஹாஜியாரின் பஸ்கள் கொட்டிலுக்கு வந்துகொண்டிருந்தன. றஊப் பாஸ் மட்டும் விடியற்காலையில் ஹாஜியாரின் வீட்டு வளவுப் பக்கத்தால் சுற்றி, பஸ் உறுமுகிற சத்தம் கேட்ட பிறகுதான் தேத்தண்ணி குடிக்கப் போவார்.

ஐப்பசி மழை தொடங்கிய ஒருநாள், இஷாத் தொழுதுவிட்டு வந்து சோற்றில் கை வைத்த நேரம் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. பின்னால் ஓட்டோ ஒன்று. அதிலிருந்து மைமூனா நனைந்து இறங்கினாள்.

"பாஸ், மழையெண்டு ஓடிட்டன். லைட்ட அணைக்கல்ல. ஹாஜியார்ட ஊடு எதுண்டு எனக்குத் தெரியா. கொட்டிலடியில கேட்டுத்தான் இங்க வந்த."

மோட்டார் சைக்கிளில் அவள் கணவன் அச்சிமுகம்மது. "நானும் சாப்பிட்டுக்கிட்டுத்தான் காக்கா இரிந்த. கறி ஊத்தக்குள்ள இவளுக்கு ஞாபகம் வந்திட்டு."

றஊப் பாஸ் கையைக் கழுவினாரோ என்னவோ, அச்சிமுகம்மதுக்குப் பின்னால் ஏறினார். மழை முகத்தில் அடித்தது. நெஞ்சுக்குள் எதையோ இறுக்கி முடிந்ததுபோல் இருந்தது. பயமென்று நினைத்தார். பயமும்தான்.

ஹாஜியாரின் வீட்டுக்குப் பின்னால் தென்னைகளுக்கு நடுவே பஸ் நின்றது. கல்யாண வீடுபோல வெளிச்சம். அதற்கு முன்னால், குடையும் கையுமாக ஹாஜியார். அவரும் அப்போதுதான் கண்டிருக்கவேண்டும். றஊப் பாஸ் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கினார். இதோடு முடிந்தது என்று நினைத்தார்.

மைமூனா ஓட்டோவிலிருந்து இறங்கி, இரண்டு ஆண்களையும் தாண்டி, ஹாஜியாரின் குடையையும் தாண்டிப் பஸ்ஸில் ஏறினாள். டக்கென்று வளவு இருண்டது.

"ஆரு இது?" என்றார் ஹாஜியார்.

"மைமூனா" என்றது இருட்டு. "உங்கட பஸ்ஸுலதான் போற வாற."

"இதுக்கா மழைக்குள்ள வந்த?"

"பின்ன? விடிய பட்டரி செத்துக் கிடந்தா நான் எப்புடி வேலைக்குப் போற? நீங்களா என்னத் தூக்கிட்டுப் போகப் போற?"

அச்சிமுகம்மது தொண்டையைச் செருமினார். ஹாஜியார் றஊப் பாஸின் பக்கம் குடையைத் திருப்பினார்.

"அஸ்கி ரெண்டு தரம் மறந்தான்" என்றார் பிறகு. "ஒரு தரமாவது திரும்பி வந்தானா றஊப்?"

"இல்ல ஹாஜியார்."

"மற்ற நாலு பஸ்ஸையும் ஒண்டொண்டா அனுப்புறன். இதப் போல போடு. நீல லைட்டும் போடணும், அத நான் விடமாட்டன்." பிறகு எல்லோரையும் பார்த்து, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

"எனக்குச் சோறு காத்திட்டிரிக்கி ஹாஜியார்" என்றார் அச்சிமுகம்மது.

நாலு பஸ்ஸும் முடிந்தன. கடைசி இரண்டில் றஊப் பாஸ் கீழே நின்று சொல்லச் சொல்ல, றெனோல்ட்தான் ஏறிக் கூரைத் தகடு பிடித்தார். ஹிமாயா லீவில் வந்து, இனி மழைக்கதை வேண்டாம் என்று சொல்லி, அம்பாறையில் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். இரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார்கள். பாரம் தூக்கவேண்டாம், படி ஏறவேண்டாம் என்றார்கள்.

திரும்பி வர வாகனம் பிடிப்போம் என்றாள் மகள். அவர் அஸ்கியின் பஸ்ஸில்தான் வருவேன் என்றார். ஏறியதும் கூரையைப் பார்த்தார். சிலிண்டரைப் பார்த்தார். பின் கதவு வரை நடக்க முடியவில்லை. ஹிமாயாவை அனுப்பிப் பிடியை அசைக்கச் சொன்னார்.

மாவடிப்பள்ளியில் பாங்கு சொன்னது. ஆண்கள் இறங்கினார்கள். அவர் எழுந்தார், படியைப் பார்த்தார், திரும்ப உட்கார்ந்தார். அவ்வளவு காலத்தில் தொழுகை நேரத்தில் அவர் பஸ்ஸுக்குள் இருந்தது அன்றைக்குத்தான். அஸ்கி திறப்பைக் கழற்றினான். பழைய லைட்டெல்லாம் அணைந்தன. முன் வரிசையிலிருந்து ஒரு கை கம்பிக்குப் பின்னால் போனது. வெள்ளை வெளிச்சம் விழுந்தது.

பெண்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சுஜித்தா கதைப் புத்தகம் ஒன்றில் விட்ட இடத்தைத் தேடினாள். ஒருத்தி பிள்ளைக்கு பிஸ்கட் உடைத்துக் கொடுத்தாள். பின்பக்கத்தில் இறங்காமலிருந்த ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். றஊப் பாஸ் தொழுகைக்குக் கை கால் கழுவிய உளூவோடு இருந்தார். இருந்தபடியே தொழுதார்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகும் தலை ஒரு பக்கமே திரும்பியிருந்தது. மைமூனா கண்டுவிட்டாள்.

"பாஸ், தொழ இரிந்தீங்களா, எங்கட லைட்ட வேவு பாக்க இரிந்தீங்களா?"

"ரெண்டாம் படியில நிழல் விழுது" என்றார்.

"எங்க?"

"அந்தா. கொண்டக்டர்ட பேக் தொங்குது பாரு. அவன் தொங்கப்போடத்தான் செய்வான், ஏசி வேலையில்ல. லைட்டத்தான் கீழ இறக்கணும்." அஸ்கி ஏறியதும் சொன்னார்: "நாளைக்கு பஸ்ஸ ஒருக்காக் கொட்டிலுக்குக் கொண்டா."

"வாப்பா" என்றாள் ஹிமாயா.

"ஒரு பல்ப் மகள். ஒரே ஒரு பல்ப்."

மறுநாள் மகள் ஹோல்டரைப் பிடித்துக்கொள்ள, அவர் படியில் உட்கார்ந்தபடியே அதைப் பூட்டினார். கொழும்புக்குப் போவதற்குக் குறித்திருந்த நாளைப் பார்க்க அவர் இருக்கவில்லை. இரண்டாம் படியில் இப்போது நிழல் விழுவதில்லை.